வரி கட்டும் வளவுக்கு வாயில்லையா?

திருப்பூரை டாலர் நகரம் என்று புகழ்வோர் மிகுதி. 2024-25 ஆம் நிதியாண்டில் அந்நகரினின்று கடல் கடந்து சென்ற பின்னலாடையின் மதிப்பு ஏறத்தாழ 40,000 கோடி உருபா என்று ஏற்றுமதியாளர் கணக்கிட்டனர். அத்தொகையை மேடைதோறும் முழங்காத அமைச்சர் இல்லை. அதனைப் பொன்னெழுத்தில் பொறித்து மலர் வெளியிடாத வாணிகக் கழகம் இல்லை. ஆனால் அவ்வாடையைத் தைத்த கை எந்தத் தெருவில் வாழ்கிறது, அத்தெருவின் சாக்கடை எங்கே போய்த் தேங்குகிறது, அங்கே நல்ல தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்று கேட்பார்தாம் இலர். கேட்டாலும் விடை சொல்லக் கடப்பாடுடையவர் யார் என்பது அத்தெருவில் வாழ்வார்க்கே தெரியாது. தெரியாதபடி ஆளப்படுகின்றனர் என்பதே உண்மை.

கொங்கு நாட்டில் 'வளவு' என்றொரு நல்ல தமிழ்ச்சொல் உண்டு. ஒரு முற்றத்தைச் சுற்றியோ ஒரு சந்தின் இரு மருங்கிலுமோ நெருங்கி அமைந்த வீடுகளின் தொகுதி வளவு. "எந்த வளவுப் பிள்ளை?" என்று ஊர்க் கிழவி கேட்டால், அக்கேள்வியில் வீட்டைமட்டும் அவள் கேட்கவில்லை; கிணற்றை, வேம்பை, திண்ணையை, அவற்றைப் பொதுவிற் காத்தவரைச் சேர்த்தே கேட்கிறாள். கிணற்றில் தூர் வாருவதும், மழைக்கு முன் வடிகாலைக் கோலுவதும், இறந்தார் வீட்டிற்கு விறகு சேர்ப்பதும் வளவின் கடன். அவ்வளவே சாதிவேலியாகவும் இருந்தது. சேரிக்கு அக்கிணறு திறக்கவில்லை. அதை மறைத்துப் பழம்பெருமை பாடவேண்டுவதில்லை. எனினும் தம் தெருவைத் தாமே பார்த்துக்கொள்ளும் பழக்கம் அங்கே உயிரோடிருந்தது.

இன்று அச்சொல்லின் இடத்தில் 'லைன் வீடு' வந்து குந்தியிருக்கிறது. பத்தடிக்குப் பத்தடி அறைகள் ஒரே வரிசையாய்ப் பத்தும் இருபதும். எல்லார்க்கும் பொதுவாய் ஒன்றிரண்டு கழிப்பறை. துவைக்கவும் கழுவவும் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீர். குடிக்கும் தண்ணீர்க்கு வாயிலில் ஒரு குழாய். மதுரை, தேனி, சிவகங்கை, இராமநாதபுரம் மாவட்டங்களிலிருந்து மழை பொய்த்து வந்தவரும், ஒடிசாவினின்றும் பீகாரினின்றும் தொடர்வண்டியேறி வந்தவரும் அவ்வரிசைகளில் அடைந்து கிடக்கின்றனர். காலையில் 'கம்பெனி'க்குப் போகின்றனர். பின்னலாடை ஆலைக்குத் திருப்பூரார் வழங்கும் பெயர் அதுவே. தைப்பதும், பிசிறு வெட்டுவதும், பிழை பார்ப்பதும், மடித்துக் கட்டுவதுமாக நாள் கழிகிறது. சனிக்கிழமை கூலி, ஞாயிற்றுக்கிழமை கடை, திங்கட்கிழமை மீண்டும் கம்பெனி. அந்த லைன் வீட்டின் முன் சாக்கடை பொங்கினால் வீட்டுடையவர் மாநகராட்சியைக் கை காட்டுவார். மாநகராட்சி ஒப்பந்தக்காரரைக் கை காட்டும். ஒப்பந்தக்காரர் தமக்கு வரவேண்டிய தொகை வரவில்லை என்பார்.

இங்கே ஒரு பொய்யைத் தோலுரித்துக் காட்டவேண்டும். "வாடகைக்குக் குடியிருப்பவர் வரி கட்டுவதில்லை, வரி கட்டாதவர்க்கு ஊராட்சியில் என்ன பேச்சு?" என்று வீட்டுடைமையாளர் சிலர் வாய் கூசாமற் கூறுவர். சொத்துவரிச் சீட்டிலே வீட்டுடையவர் பெயர் இருக்கலாம். ஆனால் அவ்வரிப்பணம் எங்கிருந்து வந்தது? வரி ஏறிய அடுத்த திங்களே வாடகை ஏறுகிறதே, அது யார் மடியிலிருந்து? சோப்புக்கும் தீப்பெட்டிக்கும் அவன் செலுத்தும் வரியை யார் கணக்கில் எழுதுவது? வரி கட்டுவது வளவு. பற்றுச்சீட்டு மட்டுமே வேறொருவர் பெயரில்.

இந்நிலை வானத்திலிருந்து விழுந்ததன்று. திருப்பூர் 1917-இல் நகராட்சியாயிற்று. 2008-இல் மாநகராட்சியாயிற்று. 2011-இல் பதினைந்து வேலம்பாளையம், நல்லூர் என்னும் இரு நகராட்சிகளும் வீரபாண்டி, ஆண்டிபாளையம், மண்ணரை, நெருப்பெரிச்சல் முதலிய ஊராட்சிகளும் அதனோடு ஒட்டப்பட்டன. ஊராட்சியாயிருந்த நாளில் அவ்வூரார்க்குச் சிற்றூர் மன்றக் கூட்டம் என்று ஒன்றாவது இருந்தது. ஆண்டுக்குச் சிலமுறை வாய்விட்டுக் கேட்கலாம். தீர்மானம் எழுதச் சொல்லலாம். மாநகரமானதும் அதுவும் போயிற்று. ஊர் பெரிதாயிற்று, ஊரார் வாய் சிறிதாயிற்று. 2011 ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி, விரிந்த எல்லைக்குள் வாழ்ந்தோர் ஏறத்தாழ 8,77,000 பேர். மாமன்றத்தின் வட்டங்களோ 60. வட்டம் ஒன்றுக்கு 14,600 பேர் என்றாகிறது. 2021-இல் எடுத்திருக்கவேண்டிய குடிக்கணக்கு எடுக்கப்படாமையால், அதன்பின் வந்து குவிந்தவர் எத்தனை பேர் என்பது கணக்கிலேயே இல்லை. பதினாலாயிரம் பேர்க்கு ஒரு கவுன்சிலர் என்றால், அவர் நல்லவரேயாயினும் எத்தனை சந்துக்குள் நுழைய முடியும்?

ஊரார்க்கு வாயில்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு நொய்யலே சான்று. காஞ்சியாறு என்று பழம்பெயர் பெற்ற அவ்வாற்றின் கரையில், திருப்பூர்க்குக் கீழ்ப்பால், சென்னிமலையை அடுத்துக் கொடுமணல் என்னும் ஊர் உள்ளது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று பேசப்பட்டது அவ்வூரே. அங்கே நிலத்தை அகழ்ந்தோர், இரும்பு உருக்கிய உலைகளையும், மணி கடைந்த பட்டறைகளையும், நூல் நூற்ற தக்களிகளையும், தமிழெழுத்துப் பொறித்த பானை ஓடுகளையும் கண்டெடுத்தனர். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது தொழில் நகரம். தொழில் வேண்டும், ஆறு கெடவேண்டும் என்று எந்த ஊழும் விதிக்கவில்லை என்பதை அம்மண் சொல்கிறது. அதே ஆற்றில் நம் காலத்தில் நிகழ்ந்தது யாது? உழவர்க்குப் பாசனம் தருவதற்கென 1992-இல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினர். சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவின் தேக்கமாயிற்று. கீழைக்கரை உழவர் தென்னை கருகி, கிணறு உப்பாகி, வழக்கு மன்றம் ஏறினர். 2011 சனவரி 28-இல் சென்னை உயர்நீதிமன்றம், கழிவை அறவே வெளியேற்றாத நிலை எய்தும்வரை சாய, சலவைப் பட்டறைகள் அனைத்தையும் மூடுக என்று ஆணையிட்டது. 700-க்கு மேற்பட்ட பட்டறைகள் ஒரே நாளில் நின்றன. பிழை செய்தவன் ஒருவன். வேலையிழந்து ஊர் திரும்பியவன் மற்றொருவன்.

அப்பட்டறைகளுள் பல ஊருக்குப் புறத்தே எங்கோ இருந்தவையல்ல. குடியிருப்புகளின் நடுவே, வாய்க்கால் ஓரத்தே, பள்ளிக்குப் பக்கத்தே இருந்தவை. தம் தெருவில் ஓடும் நீர் ஒருநாள் சிவப்பாகவும் ஒருநாள் நீலமாகவும் ஓடுவதை முதலிற் கண்டவர் அத்தெருப் பெண்டிர். அவர்களைக் கேட்டுவிட்டா அப்பட்டறைக்கு ஒப்புதல் வழங்கினர்? ஒப்புதல் தரும் அலுவலகம் ஒருபால், மின்னிணைப்புத் தரும் அலுவலகம் ஒருபால், மாசு பார்க்கும் வாரியம் ஒருபால். தெருவார் சொல்லுக்கு எந்த அலுவலகத்திலும் பதிவேடு இல்லை. அன்று ஒவ்வொரு வளவுக்கும் "வேண்டா" என்று சொல்லும் உரிமை இருந்திருந்தால், உழவர் உயர்நீதிமன்றம் வரை நடந்திருக்கவும் வேண்டா. பட்டறைகள் ஒரே நாளில் மூடப்பட்டு ஏழைகள் தெருவில் நின்றிருக்கவும் வேண்டா. ஊரார் வாயை அடைத்தது தொழிலுக்கும் கேடாகவே முடிந்தது என்பதை இன்றளவும் முதலாளிகள் உணர்ந்தாரில்லை.

தண்ணீரின் கதை இதனினும் கசப்பானது. திருப்பூரின் நிலத்தடி நீர் கெட்டபின், பவானி என்று திரித்து வழங்கப்படும் வானியாறு காவிரியிற் கலக்கும் பக்கத்தினின்று தண்ணீர் கொண்டுவர ஒரு திட்டம் தீட்டினர். அதற்கென 1995-இல் ஒரு நிறுவனம் அமைந்தது. அரசும், தனியார் நிதி நிறுவனமும், ஏற்றுமதியாளர் சங்கமும் அதன் பங்காளிகள். ஏறத்தாழ 1,000 கோடி உருபாச் செலவில், நாளொன்றுக்கு 18 கோடியே 50 இலக்கம் இலிட்டர் தரும் அத்திட்டம் 2005-இல் நிறைவெய்தியது. இந்தியாவிலேயே தண்ணீரைத் தனியார் முதலீட்டில் வழங்கும் முதல் பெருந்திட்டம் என்று அதனைப் பாராட்டி எழுதாத பொருளியலார் குறைவு. ஆலைகளுக்குக் கிலோ இலிட்டர்க்கு 45 உருபா என்று விற்று, அவ்வருவாயால் வீடுகளுக்குக் குறைந்த விலையில் வழங்குவது ஏற்பாடு. தண்ணீர் வந்தது, உண்மை. பத்து நாளைக்கு ஒருமுறை குடம் நிறைந்த தெருக்களுக்கு அது பேருதவியாயிற்று, அதனையும் மறுத்தலாகாது. ஆயின் 2011-இல் பட்டறைகள் மூடப்பட்டதும் தண்ணீர் வாங்குவாரின்றி நிறுவனத்தின் வருவாய் சரிந்தது. அதில் பெரும்பங்கு கொண்டிருந்த நிதி நிறுவனமும் 2018-இல் கடனில் மூழ்கியது. ஒரு நகரின் குடிநீர் எவர் எவரோடு செய்துகொண்ட உடன்படிக்கையிலோ தொங்கியது. அவ்வுடன்படிக்கையைத் தெருக்குழாயடியில் நிற்கும் பெண் ஒருத்தியேனும் படித்திருப்பாளா? படிக்க விரும்பினாலும் அது எம்மொழியில் இருந்தது?

மொழி என்றதும் சிலர் முகஞ்சுளிப்பர். சாக்கடைக்கும் தமிழுக்கும் என்ன தொடர்பு என்று எள்ளுவர். தொடர்பு உண்டு. 1956-இலேயே தமிழ் இந்நாட்டின் ஆட்சிமொழி என்று சட்டம் இயற்றப்பட்டது. எழுபதாண்டு ஆகப்போகும் அச்சட்டத்திற்குப் பின்னும், ஒரு தெருவுக்கு வடிகால் கட்டும் வேலையின் மதிப்பீட்டையும் அளவேட்டையும் எடுத்துப் பார்த்தால், அவை ஆங்கிலத்தில், அதுவும் பொறியாளரும் ஒப்பந்தக்காரரும் மட்டும் அறியும் குறுக்கெழுத்துகளில் கிடக்கும். எத்தனை அடி நீளம், எத்தனை விரல் கனம், எத்தனை மூட்டைச் சீமைக்காரை என்று தமிழில் ஒரு பலகையில் எழுதித் தெருமுனையில் நட்டால், கொத்துவேலை செய்யும் எந்தத் தமிழனும் ஒரு நொடியில் களவைக் கண்டுபிடித்துவிடுவான். எழுதாமைக்குக் கரணியம் அதுவே. மொழி மறைக்கப்படும் இடத்தில் பணமும் மறைக்கப்படுகிறது. ஆட்சிமொழிச் சட்டத்தைத் திருவள்ளுவர் படத்துக்கு மாலையிடும் நாளில்மட்டும் நினைப்பவர், அது குழாயடிப் பெண்ணின் கணக்கு கேட்கும் உரிமை என்பதை எண்ணிப் பார்த்ததுண்டா?

அரசமைப்பின் 74 ஆம் திருத்தம் 1993 சூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. நகரத் திட்டம், சாலை, குடிநீர், துப்புரவு, குடிசைப்பகுதி மேம்பாடு, பூங்கா எனப் பதினெட்டுப் பணிகளை நகராட்சிக்கு உரியனவாகப் பன்னிரண்டாம் பட்டியல் அடுக்கிற்று. தமிழ்நாட்டில் நடப்பது யாது? நகரின் நிலத்திட்டம் 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் கையில். குடிநீர்ப் பெருந்திட்டங்கள் குடிநீர் வடிகால் வாரியத்தின் கையில். குடிசைப்பகுதி, 1970-இல் குடிசை மாற்று வாரியமாய்த் தோன்றி இப்போது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமாய்ப் பெயர் மாறியதன் கையில். மாநகராட்சியின் ஆணையரோ மாநில அரசு அமர்த்தும் அலுவலர்.  தில்லி நம் உரிமையைப் பறிக்கிறது என்று கோட்டையிலிருந்து எழும் குரல் நியாயமானதே. ஆனால் அக்கோட்டை திருப்பூரின் உரிமையைப் பறித்து வைத்திருப்பதை எந்தக் குரல் கேட்பது? தன்னாட்சி என்பது தில்லிக்கும் சென்னைக்கும் நடுவே நின்றுவிடும் பொருளா?

இப்பறிப்பு உச்சமெய்திய காலம் 2016 முதல் 2022 வரை. 2016 அக்டோபரில் உள்ளாட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. தேர்தல் வழக்கில் சிக்கியது. பின் அதை நடத்த ஆண்டவர்க்கு மனமில்லாது போயிற்று. நகரங்களுக்குத் தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரி 19-இல்தான். ஐந்தாண்டுக்கு மேல், ஒரு மன்றத்தின் முழு ஆயுட்காலம், தமிழ்நாட்டின் நகரங்கள் யாவும் தனியலுவலர் கையில் இருந்தன. ஒரு மாநில அரசு ஐந்தாண்டு சட்டமன்றமின்றி நடந்தால் நாடே கொந்தளித்திருக்கும். நகரங்கள் மன்றமின்றிக் கிடந்தபோது எந்தக் கொந்தளிப்பும் இல்லை. ஏனெனில் மன்றம் இருந்த காலத்திலும் தெருவார்க்கு அது இருந்ததாகத் தெரியவில்லை. இக்கட்டுரையின் துயரம் முழுவதும் இவ்வொரு செய்தியில் அடங்கும்.

அதே காலத்தில்தான் 2017 சூனில் திருப்பூர் நடுவணரசின் சீர்மிகு நகரத் திட்டத்தில் சேர்க்கப்பட்டது. நகரம் ஒன்றுக்கு நடுவணரசு 500 கோடி, அதற்கு இணையாக மாநிலமும் உள்ளாட்சியும் என்பது கணக்கு. அப்பணத்தை மாநகராட்சி மன்றம் செலவிடவில்லை. அதற்கென்றே நிறுவனச் சட்டத்தின்கீழ் ஒரு தனி நிறுவனம் அமைக்கப்பட்டது. ஊரார் தேர்ந்தெடுத்த மன்றமே இல்லாத நகரில், ஊரார் பெயரால், ஊராரைக் கேளாத ஒரு நிறுவனம் ஆயிரங் கோடித் திட்டத்தை வகுத்தது. பேருந்து நிலையம் புதுக்கப்பட்டது. ஊர்தி நிறுத்தும் மாடிகள் எழுந்தன. நல்லது. ஆனால் லைன் வீட்டின் கழிப்பறை எத்தனை என்று எண்ணியவர் யார்? பேருந்து நிலையத்தில் இறங்குபவன் காணும் முகப்பைச் செப்பனிட்டுவிட்டு, அவன் போய்ச் சேரும் சந்தை மறப்பதற்குச் சீர்மை என்று பெயர் சூட்டினால், அச்சொல்லே நாணித் தலைகுனியும்.

சரி, 2022-இல் மன்றம் வந்ததே, வந்ததும் என்ன செய்தது? 2022 மார்ச்சுத் தொடக்கத்தில் உறுப்பினர் பொறுப்பேற்றனர். மேயர் தேர்வு முடிந்து ஒரு திங்கள் நிறையவில்லை. ஏப்பிரல் முதல் நாள் சொத்துவரி ஏற்றத்தை மாநில அரசு அறிவித்தது. சென்னைக்குப் புறத்தேயுள்ள மாநகராட்சிகளில் 600 சதுர அடிக்குட்பட்ட வீட்டுக்கு 25 விழுக்காடு, அதற்கு மேற்பட்டவற்றுக்கு அளவிற்கேற்ப 50, 75, 100 விழுக்காடு. ஒன்றிய நிதிக்குழுவின் நெறி என்று கரணியம் கூறப்பட்டது. வரி ஏற்றலாமா என்பது இருக்கட்டும். நல்ல தண்ணீரும் வடிகாலும் வேண்டுவோர் வரி கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ஏற்றும் அளவை முடிவு செய்தவர் சென்னையில். அதற்குக் கை தூக்கியவர் திருப்பூரில். புதிதாய் வந்த மன்றத்தின் முதற்பெரும் பணி, பிறர் எழுதிய விலையைத் தம் மக்கள்மேல் ஒட்டியதாகவே முடிந்தது.

இவ்விடத்தில் மேடைப் பேச்சாளர் உத்தரமேரூர்க் குடவோலையைத் தூக்கிக்கொண்டு ஓடி வருவர். பராந்தகன் காலத்து 919, 921 ஆம் ஆண்டுகளின் அக்கல்வெட்டுகள் அரிய செல்வந்தான். முப்பது குடும்புகளாக ஊரைப் பகுத்து, ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் ஆண்டு வாரியமும் அமைத்த முறை உலகறிந்தது. ஆனால் அது பார்ப்பனர்க்கு இறையிலியாய் விட்ட ஊரின் அவை. நிலமும் மறையறிவும் உடையவர்க்கே அங்கு இடம். உழுதவனுக்கும் நெய்தவனுக்கும் பெண்ணுக்கும் அக்குடத்தில் ஓலையில்லை. அதைத் தமிழர் மக்களாட்சி என்று கூத்தாடுவது நமக்கு இழுக்கு. அதே சோழநாட்டில் உழவர்க்கு 'ஊர்' என்ற அவையும், வணிகர்க்கு 'நகரம்' என்ற அவையும் இருந்தன. அவை தம் பொதுக் கணக்கைத் தாமே பார்த்தன. இன்று 'நகரம்' என்றால் கட்டடக் குவியல். அன்று அச்சொல்லுக்கே கூடி முடிவு செய்யும் அவை என்றும் பொருள்! உத்தரமேரூரிலிருந்து கொள்ளத்தக்கது இரண்டே: ஊரைச் சிறு குடும்புகளாகப் பகுத்தது ஒன்று, முன்பு பொறுப்பேற்றுக் கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் மீண்டும் பொறுப்புக்கு வரலாகாது என்று கல்லில் வெட்டியது மற்றொன்று. இவ்விரண்டாவதை இன்று சட்டமாக்கினால் எத்தனை கவுன்சிலர் எஞ்சுவர் என்பது வேறு கதை.

குடும்பு போன்ற ஓர் அமைப்பு இன்று சட்டத்திலேயே வந்திருக்கிறது. 2022-இல் தமிழ்நாட்டரசு வெளியிட்ட விதிகளின்படி, ஒவ்வொரு வட்டத்திற்கும் ஒரு குழு. வட்டத்தைப் பல பகுதிகளாகப் பிரித்துப் பகுதிதோறும் வாக்காளர் கூடும் அவை. 2022 நவம்பர் முதல் நாள் அவ்வவைகள் முதன்முதற் கூடின. இதற்கு அரசு சூட்டிய பெயரோ 'பகுதி சபா'. அவை என்றும் மன்றம் என்றும் கழகம் என்றும் கூட்டம் என்றும் எண்ணற்ற சொற்கள் குவிந்து கிடக்கும் மொழியில், 'சபா' என்று கச்சேரி மேடைப் பெயரை வைத்தவர் யாரோ! பெயர்தான் போகட்டும் என்றால், பொருளும் அப்படியே. பகுதியின் பொறுப்பாளரைப் பகுதி மக்கள் தேர்ந்தெடுப்பதில்லை, மாமன்றமே அமர்த்துகிறது. கவுன்சிலரின் ஆள் கூட்டத்தைக் கூட்டுவார், கவுன்சிலர் தலைமை தாங்குவார், தெருவார் குறையைச் சொல்வர், தேநீர் வழங்கப்படும். சொன்ன குறை என்னவாயிற்று என்று அடுத்த கூட்டத்தில் எழுத்தால் விடை தரவேண்டிய கடமை யாரையும் கழுத்தைப் பிடிப்பதில்லை. கையில் ஒரு செல்லாக்காசும் இல்லாத அவை அது. மனுக்கொடுக்கும் மேடைக்கு மன்றம் என்று பெயரிட்டதே மிச்சம்.

பணமில்லாத மன்றம் பல்லில்லாப் பாம்பு என்பதைப் பக்கத்து நாடு உணர்ந்தது. கேரளம் 1996-இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது, மாநிலத் திட்டப் பணத்தில் மூன்றிலொரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளிடம் ஒப்படைத்துவிட்டுப் பின்னர்தான் "கூடிப் பேசுங்கள்" என்றது. கடலுக்கப்பால் பிரேசில் நாட்டுப் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989 முதல், நகரின் முதலீட்டுப் பணத்தில் எத்தெருவுக்கு எது முதலில் என்பதைத் தெருமக்களே கூடி வரிசைப்படுத்தினர். குடிசைப் பகுதிகளுக்குத் தண்ணீரும் கழிவுநீர்க் குழாயும் அவ்வழியே விரைந்து சென்றன. அங்குக் கூடியவர்கள் பொருளியல் கற்றவரல்லர். சமையற்காரியும் கொத்தனும் பேருந்து ஓட்டுநரும். திருப்பூரில் கூடுவோர் அவரினும் அறிவிற் குறைந்தவரா? நூலிழையில் ஒரு கண்ணி தவறினால் துணி முழுவதும் நழுவும் என்றறிந்தவர் அவர்.

"பொதுமக்கள் கூடினால் சண்டைதான் மிஞ்சும், சாதிக்காரன் சாதிக்காரனைத் தாங்குவான்" என்பது அலுவலர் கூறும் தடை. சண்டை வரும், வரட்டும். மூடிய அறையில் நடக்கும் பங்கீட்டைவிட வெளியரங்கில் நடக்கும் சண்டை தூயது. சாதி பற்றிய அச்சம் பொய்யன்று. அதனால்தான் பகுதியவையின் உறுப்பாண்மை வீட்டுடைமையால் அன்று, வாழ்விடத்தால் அமையவேண்டும் என்பது. வாக்காளர் பட்டியலில் பெயருள்ளவர்க்கே அவை என்றால், பெயரை ஆண்டிப்பட்டியிலும் பரமக்குடியிலும் விட்டுவிட்டுப் பத்தாண்டாய்த் திருப்பூரில் தைப்பவன் வெளியே நிற்பான்; ஒடிசாக்காரன் வாயிலையே காணான். அவனும் அந்தச் சாக்கடையோரத்தில்தான் குழந்தை வளர்க்கிறான். தமிழ் வழங்கும் அவையில் அவன் வந்து அமர்ந்தால், தமிழ் கற்பதற்கு அதைவிடச் சிறந்த பள்ளியும் அவனுக்கில்லை.

நன்கொடையாளரைக் காட்டித் தப்பிப்பார் வேறொரு சாரார். திருப்பூரில் பொருளீட்டியவர் பலர் ஈகையுடையவர், ஐயமில்லை. 2015-இல் தொடங்கிய 'வனத்துக்குள் திருப்பூர்' முயற்சி இலக்கக் கணக்கில் மரக்கன்று நட்டது. ஆயினும் ஈகை வேறு, ஆட்சி வேறு. ஈந்தவனிடம் கணக்கு கேட்க முடியாது. நன்றிதான் சொல்ல முடியும். தெரு விளக்குக்கு நன்றி சொல்லிக்கொண்டே வாழும் மக்கள் குடிமக்களாக எப்போது நிமிர்வது?

ஊரார் விடாப்பிடியாய் நின்றால் என்ன கிடைக்கும் என்பதற்கு ஒரு நல்ல சான்றும் அந்நகரின் அருகிலேயே உண்டு. நல்லாற்றின் நீர் பெறும் நஞ்சராயன் குளம், கழிவுக்குட்டையாய்ப் போகாமற் காக்கப்பட்டதற்குப் பறவை பார்ப்போரும் பள்ளிப் பிள்ளைகளும் சுற்றுவட்டாரத்தாரும் ஆண்டுக்கணக்கில் கொடுத்த குரல் பெருந்துணை. 2022-இல் அது பறவைகள் காப்பிடமாயிற்று. 2024-இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலகச் சிறப்புடைய நீர்நிலையாய் ஏற்கப்பட்டது. ஆனால் சங்கிலிப்பள்ளம் ஓடையையும் சம்மனை ஓடையையும் பாருங்கள். 2011 நவம்பரில் ஒரே இரவு மழையில் நகரின் ஓடைகள் பெருகிக் கரையோரக் குடிசைகளை வாரிச் சென்றன, உயிர்களும் போயின. பறவைக்காகப் பேச உலகம் இருந்தது. ஓடைக்கரையில் வாழ்ந்தவனுக்காகப் பேச அவன் வட்டத்துக்கே வாயில்லை.

குப்பையும் அவ்வாறே. இத்தனை பெரிய நகரம் தன் கழிவைக் கைவிடப்பட்ட பாறைக்குழிகளில் கொண்டுபோய்க் கொட்டிற்று. குழியைச் சூழ்ந்த ஊரார் லாரியை மறித்தனர், தெருவில் அமர்ந்தனர், வழக்குத் தொடுத்தனர். அவர் செய்தது முறையே. ஆனால் அக்குப்பை எங்கே பிறந்தது? காதர்பேட்டையிலும் கொங்குநகரிலும் இராயபுரத்திலும் பிறந்தது. பிறந்த தெருவிலேயே மட்குவதையும் மட்காததையும் பிரித்து, வெட்டுத்துணியைத் தனியே திரட்டி, எஞ்சியதற்கு எங்கே இடம் என்று அந்தந்தப் பகுதியவை முடிவு செய்யவேண்டியிருந்தால், பக்கத்து ஊர்ப் பாறைக்குழி அவ்வளவு எளிதாகக் கண்ணிற் பட்டிருக்குமா? தன் கழிவைத் தான் பார்க்கும் பொறுப்பும் உரிமையோடு சேர்ந்ததே. இதைச் சொன்னால் தெருவார்க்கும் கசக்கும், கசக்கட்டும்.

2022-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றத்தின் ஐந்தாண்டு 2027-இல் முடிவது. மீண்டும் தேர்தல் தள்ளிப்போடப்பட்டால் ஒரு நாளும் பொறுத்திருத்தலாகாது. தேர்தல் வந்து வாக்கு கேட்க வருவோரிடம் பனியன் தொழிலாளர் வளவுகள் கேட்கவேண்டியவை இவை: பகுதியவையின் பொறுப்பாளரைப் பகுதி மக்களே தேர்ந்தெடுக்க விதியைத் திருத்துவீரா? வட்டத்தில் திரளும் சொத்துவரியில் ஒரு பங்கை அவ்வட்டத்தின் அவை முடிவு செய்யும் பணிக்கே விடுவீரா? தெருவில் நடக்கும் ஒவ்வொரு வேலையின் அளவையும் செலவையும் ஒப்பந்தக்காரர் பெயரையும் தமிழில் எழுதித் தெருமுனையில் நடுவீரா? பகுதியவை ஒப்பாமல் புதிய பட்டறைக்கோ குப்பைக் கிடங்கிற்கோ ஒப்புதல் தரமாட்டோம் என்று மாமன்றத்தில் தீர்மானம் இயற்றுவீரா? "ஆம்" என்பாரை எழுத்தால் எழுதி ஒப்பமிடச் சொல்லி, அத்தாளை லைன் வீட்டுக் குழாயடியில் ஒட்டிவைக்க வேண்டும். தண்ணீர்க்கு வரிசையில் நிற்கும் ஒவ்வொருவர் கண்ணிலும் அது ஐந்தாண்டும் படும்படி.